மேடைக்குப் பின்னால் இருவர்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

ஒலி, ஒளி, வாத்தியப் போக்குவரத்து, பயண ஏற்பாடு, கணக்கு என்று கலைஞர்களுக்கு முன்னும் பின்னும் ஓடுகிறவர்களின் சங்கம் இது. கணவனும் மனைவியுமாகவே பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறவர்கள் நம்மில் கணிசம். அவர்களுடைய வேலை முறையைத்தான் செயற்குழு இந்த ஆண்டு முதன்மையாக எடுத்துக்கொண்டது. இரண்டு பேர் ஒரே ஆளைப் போல இயங்குவது மேடைக்கு நல்லது. ஒப்பந்தத்திலும் ஊதியத்திலும் ஒரே ஆளாகிவிடுவது இருவருக்குமே நல்லதல்ல.

முதலில் பயிற்சி வகுப்புகள். அதிகம் பேசப்பட்டது ஒலிச்சோதனை. எல்லா மைக்கின் ஒலியையும் கலந்து அளவு சேர்க்கும் மிக்ஸரில் ஒருவர், மேடையில் மற்றவர் என்பதே வழக்கமான பங்கீடு. மேடையில் நிற்பவர் ‘ஹலோ, செக்’ சொல்வதற்கு மட்டும் வந்தவர் அல்ல. பாடகர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, அவர் தலை இருக்கும் உயரத்தில் காதை வைத்து மானிட்டரை, அதாவது கலைஞர் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கரை, கேட்டுச் சொல்ல வேண்டியவர். முன்புற ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். மானிட்டரை அங்கே வைக்கலாம். முன்புறத்தில் இன்னும் குறுகலாக வாங்கும் சூப்பர்கார்டியாய்டு அப்படியல்ல. நேர் பின்னாலிருந்து வரும் ஒலியை அது ஓரளவு வாங்கிக்கொள்ளும். அதற்குக் காது மந்தமான இடம் முன்புறத்திலிருந்து சுமார் 125 டிகிரி தள்ளி, இரு பக்கங்களிலும் இருக்கிறது. மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரைப் பழைய இடத்திலேயே விட்டால் ‘கீ’ என்ற ஊளை வரும். மிக்ஸரில் இருப்பவர் அதை, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்குவலைசரில் வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் குரல்தான் மெலியும். மேடையில் இருப்பவர் மானிட்டரைச் சற்று ஓரமாகத் திருப்பினால் தீர்ந்துவிடும் காரியம் அது.

பக்கத்து வாத்தியத்தின் ஒலி கலப்பதும் இதே வகைத் தொல்லை. ஒரு மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் இடையே ஓர் அடி என்றால், அடுத்த மைக் குறைந்தது மூன்று அடி தள்ளி இருக்க வேண்டும். நெருங்கினால் ஒரே ஒலி இரண்டு மைக்கிலும் சற்று முன்பின்னாக விழுந்து, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும்.

சைகைகளையும் ஒழுங்குபடுத்தினோம். விரலை மேலே காட்டினால் மட்டும் போதாது; கலைஞர் மானிட்டரில் கேட்டதை மிக்ஸரில் இருப்பவர் சபைக்கு ஏற்றிவிடுகிறார். ஆகவே மூன்று படிகள்: முதலில் வாத்தியத்தைச் சுட்ட வேண்டும், அடுத்து, மானிட்டர் என்றால் காதைத் தொட வேண்டும், வெளி ஒலி என்றால் சபையைக் காட்ட வேண்டும், அதன் பிறகே ஏற்று, இறக்கு. நீண்ட நாள் தம்பதியர் சிலர், “எங்களுக்குக் கண்ணசைவே போதும்” என்றார்கள். விளக்கை அணைத்தபின் கண்ணசைவு யாருக்குத் தெரியும்?

மின்சாரம் பற்றிய வகுப்பு சுருக்கமாக நடந்தது. போடும்போது, ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்ளிஃபயர் கடைசி, அணைக்கும்போது அதுவே முதல். மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும் கண்டென்சர் மைக்குக்கு, மிக்ஸரிலிருந்து மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் பேண்டம் பவர் தேவை. மிக்ஸரில் அந்த மைக்குக்குரிய சேனலை மியூட் செய்யாமல் கேபிளைப் பிடுங்கினால் ஸ்பீக்கரில் வெடிச்சத்தம் கேட்கும். மெல்லிய உலோகப் பட்டையால் ஒலியை வாங்கும் பழைய ரிப்பன் மைக்குக்கு இந்த மின்சாரம் போனால் மைக்கே பழுதாகலாம். இரைச்சல் வருகிறதென்று பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பதோ டேப் ஒட்டி மறைப்பதோ கூடவே கூடாது, உயிருக்கு ஆபத்து. வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில், ஒலிக் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இதற்காகவே இருக்கிறது.

வாத்தியங்களைப் பொறுத்தவரை, குளிரூட்டிய அரங்குக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்து வைக்க வேண்டும். காற்று வறண்டால் மிருதங்கத் தோல் இறுகிச் சுருதி ஏறும், ஈரமானால் இறங்கும். உலோகத் தந்தி குளிர்ந்தால் சுருங்கிச் சுருதி ஏறும். கலைஞர் அறைக்குள் சுருதி சேர்த்துவிட்டு மேடைக்கு வந்து தடுமாறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அறையும் மேடையும் ஒரே குளிரில் இருக்கும்படி அரங்கப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்வது நம் வேலை.

இனி, இந்த ஆண்டு மிகுந்த விவாதத்துக்கு உள்ளான விஷயம். ஒப்பந்தத்தில் ஒருவர் பெயரும், ‘உடன் உதவியாளர் ஒருவர்’ என்ற ஒரு வரியும் இருக்கும். அந்த உதவியாளர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்; காகிதத்துக்குத் தெரியாது. விளைவு மூன்று இடங்களில் தெரிகிறது. பெயர் இருப்பவர் காய்ச்சலில் படுத்தால், மற்றவர் தனியாக வந்து முழு வேலையும் செய்தாலும், அமைப்பாளர் ‘உதவியாளர்’ ஊதியம்தான் தருகிறார். விபத்துக் காப்பீடு பெயர் உள்ளவரோடு நின்றுவிடுகிறது. இருவரும் பிரிய நேர்ந்தாலோ ஒருவர் இறந்துவிட்டாலோ மற்றவரிடம் இத்தனை ஆண்டு அனுபவத்துக்குச் சான்றாக ஒரு துண்டுத்தாள்கூட இருக்காது. பெரும்பாலும் இப்படி விடுபடுவது மனைவியின் பெயர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

செயற்குழு தயாரித்திருக்கும் மாதிரி ஒப்பந்தத்தில் இரண்டு பெயர்கள், இரண்டு பொறுப்புகள், இரண்டு தொகைகள், இரண்டு வங்கிக் கணக்குகள் உண்டு. ஏற்றி இறக்கும் நேரமும் காத்திருப்பு நேரமும் தனி வரிகளாக வருகின்றன. ‘வீட்டுக்குள் எல்லாம் ஒரே பணம்தானே’ என்ற ஆட்சேபம் வந்தது. வீட்டுக்குள் அப்படியே இருக்கட்டும்; ஒப்பந்தம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது.

இதோடு சேர்ந்ததுதான் மேடைக் குறிப்பேடு. பாடகரின் கட்டை (அவர் பாடும் சுருதி), யார் எந்தப் பக்கம் உட்காருவார், எந்தச் சேனலில் எந்த மைக், ஸ்டாண்டின் உயரம், மானிட்டரில் யாருக்கு எது வேண்டும், கடந்த முறை என்ன புகார் சொன்னார் என்பவை இதில் ஏற வேண்டும். பல தம்பதியரிடம் இவை ஒருவர் தலைக்குள்தான் இருக்கின்றன. குறிப்பேடு எழுதியவர்களும்கூட, ஆறு கச்சேரிக்கு ஒரு முறையாவது இடம் மாறி வேலை செய்து பார்க்க வேண்டும் என்பது செயற்குழுவின் பரிந்துரை. எழுதாமல் விட்டது எது என்பது அப்போதுதான் தெரியும். முதல் முறை மாறும்போது ஒலிச்சோதனைக்கு அரை மணி கூடுதலாக ஒதுக்குங்கள். பெரிய மேடையில் தொடங்காதீர்கள்.

கருத்து வேறுபாட்டுக்கும் ஒரு விதி வகுத்தோம். கச்சேரி தொடங்கும்வரை மிக்ஸரில் இருப்பவர் சொல்வதே முடிவு. தொடங்கியபின் மானிட்டர் விஷயத்தில் மேடைப் பக்கம் நிற்பவர் சொல்வதே முடிவு. மிக்ஸரிலிருந்து மேடைக்குப் பேச வைத்திருக்கும் டாக்பேக் மைக்கில் வாக்குவாதம் கூடாது. அது கலைஞரின் மானிட்டரில் கேட்கும்.

செவிப் பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணிதான். ஸ்பீக்கருக்கு அருகே நிற்பவர் காதடைப்பான் போட வேண்டும். ஒரே ஆள் எப்போதும் அந்தப் பக்கம் நிற்கவும் கூடாது.

குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வதற்காக உறுப்பினர்கள் மாலை நேரங்களை மாற்றிக்கொள்ளும் பட்டியல் ஓரளவே செயல்பட்டது. கச்சேரிகள் குவியும் மாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே இருக்கிறார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள்: மாதிரி ஒப்பந்தத்தை ஏற்பது, சங்க உறுப்பினர் அட்டையைத் தம்பதியருக்குச் சேர்த்து ஒன்றாகத் தராமல் ஆளுக்கொன்றாகத் தருவது, ஒருவர் உடல்நலமின்றி இருக்கும்போது மற்றவருக்குத் துணையாக ஒரு உறுப்பினரை அனுப்பும் மாற்று ஆள் பட்டியலைத் தொடங்குவது. பட்டியலில் சேர விரும்புவோர் மிக்ஸரா மேடையா என்று குறிப்பிட்டு, கூட்டம் முடிந்ததும் இணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்