விளாச்சேரிக்கு ஒரு நாள் போகணும்

அன்புள்ள நித்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீ, யாழினி, மாப்பிள்ளை எல்லாரும் நலமா? போனில் பேசலாம்தான். ஆனால் நான் எடுத்த எடுப்பில் எதையாவது கேட்டுவிடுகிறேன், நீயும் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய், அப்புறம் ராத்திரி முழுக்க என்ன தப்பாகக் கேட்டோம் என்று யோசித்துக்கொண்டே படுத்திருக்கிறேன். அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நிதானமாகப் படி. உடனே பதில் போட வேண்டும் என்றில்லை.

விஷயம் இதுதான். தசரா லீவுக்கு யாழினியைக் கூட்டிக்கொண்டு வா. மகாளய அமாவாசைக்கு முந்தின நாளே வந்துவிட்டால் கொலுப்படி கட்டும்போது பிள்ளை கூட இருப்பாள். விஜயதசமி முடிந்து போகலாம், அதற்கப்புறம் இருந்தாலும் சரி. லீவு கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை. லீவு கிடைத்தாலும் வா, லீவே கேட்க வேண்டியதில்லை என்றாலும் வா. மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால் அவர் சௌகரியம்போல வரட்டும். அவர் வராவிட்டாலும் இங்கே யாரும் உன்னை எதுவும் கேட்கமாட்டார்கள், பெரியம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

பஸ்ஸில் மட்டும் வராதே. ராத்திரி பஸ்ஸில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நீ தூங்காமல் வருவாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் வந்தே பாரத் விட்டிருக்கிறார்களே, பெங்களூர் கண்டோன்மெண்டில் மத்தியானம் ஏறினால் ராத்திரி மதுரை. அப்பா ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார்.

யாழினியை எங்கெங்கே கூட்டிப்போவது என்று அப்பா ஒரு நோட்டே போட்டுவிட்டார். கீழடிக்கு ஒரு நாள். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் கீழடி என்றால் திருப்புவனம் போகிற வழியில் தென்னந்தோப்பு, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். இப்போது அந்தத் தோப்புக்குள்ளிருந்து எடுத்ததை வைத்துச் செட்டிநாட்டு வீடு மாதிரி மியூசியம் கட்டியிருக்கிறார்கள், 2023 மார்ச்சில் திறந்தது. நாங்கள் போனபோது ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்து வைத்த சில்லு. நீ பாண்டி விளையாட வாசலில் தேய்ப்பாயே, அதே சில்லு. 2000 வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் தேய்த்த விளிம்பு தெரிகிறது. பக்கத்தில் பகடைக்காய், பானையில் கீறிய எழுத்து, ஆதன் என்று ஒரு பேர். தன் பானை என்று தெரிய யாரோ பேர் எழுதியிருக்கிறார்கள், யாழினி வாட்டர் பாட்டிலில் எழுதுவதுபோல. அவளுக்குக் காட்டினால் ஒரு ஓட்டை எடுத்து அவளே பேரைக் கீறுவாள். நம் வீட்டுக் கொல்லையில் உடைந்த பானை நிறையக் கிடக்கிறது, ஒன்றையும் நான் தூக்கிப்போடவில்லை.

காந்தி மியூசியமும் நோட்டில் இருக்கிறது. அதைவிட எனக்கு மேலமாசி வீதி மாடி வீட்டைக் காட்ட ஆசை. 1921இல் செப்டம்பர் 22ஆம் தேதி அவர் வேஷ்டி சட்டையை விட்டு அரைமுழத் துண்டுக்கு மாறியது அங்கேதான். இதே புரட்டாசி மாதம். போன மாசம் அவள் காந்தி படம் வரைந்து எனக்கு அனுப்பியிருந்தாளே, கண்ணாடியும் தடியும் சரியாக வந்திருந்தது, துண்டைத்தான் பாவாடை மாதிரி வரைந்துவிட்டாள். ஏன் அந்தத் துண்டு என்று அந்த மாடிப்படியில் உட்கார வைத்துச் சொன்னால் பிள்ளைக்குப் புரியும். புதுநத்தம் ரோட்டு லைப்ரரியில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, வெயில் தாங்காத நாளில் அங்கே. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கேயும் நகர முடியாது, அதனால் வெளியே போவதையெல்லாம் முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்வோம் என்கிறார் அப்பா.

கோயிலுக்கு ஒரு நாள் போதாது. நவராத்திரிக்குக் கொலு மண்டபத்தில் அம்மனுக்கு நாளைக்கு ஒரு அலங்காரம், சுற்றிலும் திருவிளையாடல் பொம்மைகள். செல்லை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அது எனக்கு ஒரு நிம்மதி. பிள்ளை கண்ணால் பார்த்துவிட்டு வந்து ராத்திரி ஞாபகத்திலிருந்து வரையட்டும். நீ அப்படித்தான் வரைவாய். தெப்பக்குளத்தை நீ வரைந்த படம் இன்னும் ஹாலில்தான் மாட்டியிருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் யார் வரைந்தது என்று கேட்கிறார்கள், என் மகள் என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அந்தக் குளமே திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் என்று அப்பா உனக்குச் சொன்னதும், நீ படத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு மண்வெட்டி வரைந்து வைத்தாய். வேறு எந்தப் பிள்ளைக்கு அது தோன்றும்? பெங்களூருக்குப் போனதிலிருந்து நீ பென்சிலைத் தொட்டதாகவே தெரியவில்லை. மூன்று வருஷமாகக் கொலுவுக்கும் வரவில்லை. ஒரு வருஷம் பரீட்சை, ஒரு வருஷம் வீடு மாற்றம், ஒரு வருஷம் காரணமே சொல்லவில்லை. சரி, அதைப் பேச வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை யாழினி போனில் பேசினாள். "அம்மா இப்போ வீட்டுலயேதான் இருக்காங்க அம்மாச்சி, பால்கனியிலயே உக்காந்திருக்காங்க" என்றாள். நான் எதுவும் கேட்கவில்லை, பிள்ளையிடம் போய் என்ன கேட்பது. ஆனால் இந்த மாசமும் ஒன்றாம் தேதி எங்கள் கணக்கில் பணம் போட்டிருக்கிறாய். வேண்டாம் நித்யா. அப்பா பென்ஷன் எங்களுக்குப் போதும், மாத்திரைச் செலவு போக மிச்சமே இருக்கிறது. அடுத்த மாசம் போடாதே. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி பஸ்ஸில் வராதே.

இப்போது விளாச்சேரிக்கு வருகிறேன். போன வாரம் நான் மட்டும் ஷேர் ஆட்டோவில் போய்விட்டு வந்தேன். திருநகரில் இத்தனை வருஷம் இருக்கிறோம், கூப்பிடு தூரம், நீ சின்னப் பிள்ளையில் ஒவ்வொரு புரட்டாசிக்கும் "பொம்மை செய்றதைப் பார்க்கணும்மா" என்று நச்சரிப்பாய், நான் ஒரு தடவைகூடக் கூட்டிப்போனதில்லை. பரிதிமாற்கலைஞர் பிறந்த ஊர், அவர் நினைவு இல்லமும் அங்கேதான் இருக்கிறது, அதைக்கூட இப்போதுதான் பார்த்தேன்.

தெருவில் நுழைந்தாலே திண்ணைக்குத் திண்ணை பொம்மைதான். பிள்ளையார் சதுர்த்தி முடிந்த கையோடு கொலுப் பொம்மைக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள், இது முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாட்டுத்தொழுவமும் ஆட்டுக்குட்டியும். கண்மாய் மண்ணைக் குழைத்து அச்சின் இரண்டு பாதியிலும் அப்பி, சேர்த்து ஒட்டி, பிதுங்கிய விளிம்பை வழித்துவிட்டு நிழலில் காயவைக்கிறார்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடித்துவிடுமாம். காய்ந்த பிறகுதான் சூளை, சூளைக்கப்புறம் வெள்ளை, வெள்ளைக்கு மேல் வர்ணம். நான் உட்கார்ந்த வீட்டில் என் வயசுள்ள அம்மா ஒருத்தர் அம்மன் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். உடம்பு, புடவை, நகை எல்லாம் முடிந்துவிட்டது, கண் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. மேல் இமைக்கு ஒரே இழுப்பில் ஒரு கோடு, கீழே மெல்லிசாக ஒன்று, அப்புறம் தூரிகையை விரலில் தொட்டு வழித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கருவிழியை வைத்தார். அவர் மூச்சு விட்ட பிறகுதான் நானும் மூச்சே விட்டேன். பொம்மை என்னைப் பார்த்தது நித்யா. நிஜமாகவே பார்த்தது. பிள்ளைகள் வந்தால் ஒரு உருண்டை மண் கொடுப்பேன், என்ன வேண்டுமானாலும் பிடிக்கட்டும் என்றார். யாழினிக்கு என்று சொல்லிவைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் இதை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. இத்தனை நேரம் ஊர்க்கதை எழுதியதெல்லாம் இதை எழுதப் பயந்துதான்.

அந்த மீனாட்சி கல்யாண செட். அப்பத்தா காலத்துச் செட். 1999 கொலுவில் மீனாட்சியின் வலது கை கிளியோடு ஒடிந்திருந்தது. நீ நாலாம் வகுப்பு. நீதான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். அத்தை, அப்பத்தா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லார் முன்னாலும் தோசைக்கரண்டிக் காம்பால் உன்னை அடித்தேன். "நான் இல்லம்மா, எடுக்கும்போதே கை இல்லம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். பொய் வேறு சொல்கிறாயா என்று அதற்கும் சேர்த்து அடித்தேன்.

விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகளை எடுத்து வைக்கும்போது பெட்டியின் அடியில், போன வருஷம் அதைச் சுற்றி வைத்த பழைய வேஷ்டித் துணியை உதறினேன். கை அதிலிருந்து விழுந்தது. கிளி அப்படியே கையில் உட்கார்ந்திருந்தது. போன வருஷம் பெட்டியில் இடம் போதாமல் செட்டியார் பொம்மைக்கு அடியில் அதை நெருக்கித் திணித்தது நான்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்பத்தா அடுத்த அறையில் இருந்தார். தெரிந்தால் என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியும். கையை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். அப்பத்தா போனபோதாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். உன் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி சொல்லலாம் என்று தீப்பெட்டியைக் கையிலேயே எடுத்துவிட்டேன், நீ மருதாணியோடு தூங்கிவிட்டாய். இதெல்லாம் சாக்கு. எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். வருஷா வருஷம் மீனாட்சி தோளில் பூச்சரத்தைச் சுற்றி அந்த இடத்தை மறைத்துத்தான் படியில் வைக்கிறேன்.

அதற்கடுத்த வருஷத்திலிருந்து நீ கொலுப் பெட்டியைத் தொடவில்லை. பரவாயில்லை, பொம்மைதானே. ஆனால் எட்டாம் வகுப்பில் டிபன் பாக்ஸ் தொலைந்து மூன்று மாசம் யாரிடமும் சொல்லாமல் மத்தியானம் பட்டினி கிடந்தாயே. காலேஜில் ஒரு பேப்பர் போனதை உன் சிநேகிதி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அழுத்தக்காரி, வாயே திறக்கமாட்டாள் என்று ஊரெல்லாம் உன்னைச் சொன்னேன். நீ ஒரு தடவை உண்மையைச் சொன்னாய், நான் நம்பவில்லை, அதற்கப்புறம் நீ சொல்வதை விட்டுவிட்டாய். இது எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. இனி நீ எது சொன்னாலும் நம்புவேன். சொல்ல வேண்டும் என்றும் இல்லை.

கண் எழுதின அந்த அம்மாவிடம் கேட்டேன். காகிதக் கூழும் பசையும் வைத்துக் கையைச் சேர்த்துவிடலாமாம். பொம்மை, கை இரண்டும் வேண்டும், பழைய பச்சையைப் பார்த்துத்தான் புதுப் பச்சையைக் கலக்க முடியும் என்றார். நான் இன்னும் கொடுக்கவில்லை. நீயும் நானும் யாழினியும் எடுத்துக்கொண்டு போவோம். எதிர் திண்ணையில் பதம் பார்த்து வர்ணம் கலக்குகிறார்கள், உனக்குப் பார்க்கப் பிடிக்கும்.

கொலுவுக்குக் கீழே பார்க் கட்ட மணல் வாங்கிவிட்டேன். கொட்டாங்குச்சியில் கேழ்வரகை யாழினியே விதைக்கட்டும், நாலைந்து நாளில் பச்சை விட்டுவிடும், கண்ணாடியை வைத்துக் குளம் அவளே செய்வாள். சுண்டல் எந்த நாளைக்கு எது என்று அவளையே கேள், அவளுக்குப் பட்டாணி பிடிக்கும், மொச்சை வேண்டாம் என்பாள். பழைய கிரேயான் டப்பா இருந்தால் எடுத்துவரச் சொல், இல்லாவிட்டால் இங்கே வாங்கிக்கொள்ளலாம். துணிமணி நிறையக் கொண்டுவந்தாலும் சரி, உன் அலமாரியைக் காலி செய்து துடைத்து வைத்திருக்கிறேன்.

டிக்கெட் போட்டதும் கோச் நம்பரை மட்டும் அப்பாவுக்கு அனுப்பு. தீப்பெட்டி விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. நீ வந்த பிறகு, நீ பக்கத்தில் இருக்கும்போது நானே சொல்கிறேன்.

அம்மா