பீரோவைத் தூக்கிப் போடச் சொன்ன நிபுணருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டைக் காலி செய்து போன குடித்தனக்காரர் சாமான்களை விட்டுப் போயிருந்தால் என்ன செய்வது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். தங்கள் நிபுணர் ஒரே வரியில் தீர்த்துவிட்டார்: "தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அதேதான் இருந்தது. அவருக்குச் சொந்த வீடும் இல்லை, வாடகை வீடும் இல்லை போலிருக்கிறது.

என் மாடிப் போர்ஷனில் நான்கு வருஷம் இருந்தவர்கள் போன வருஷம் காலி செய்தார்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, "மிச்சத்தை ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறோம்க்கா" என்று போனில் சொன்னார்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று நானும் கேட்டுத் தொலைக்கவில்லை. கதவைத் திறந்தால், பூட்டிய இரும்பு பீரோ ஒன்று நிற்கிறது, சாவி இல்லை. கால் நெளிந்த கட்டில். கரண்ட்டை நிறுத்திக் கதவையும் சாத்திவிட்டுப் போன ஃபிரிட்ஜ். அதைத் திறந்த அன்று அந்த அறையில் நிற்க முடியவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. பரண்மேல் ஓர் அட்டைப்பெட்டி. அதில் எக்ஸ்ரே படங்கள், யாருடையதோ மார்க் ஷீட், ரப்பர் பேண்டு போட்ட கல்யாண ஃபோட்டோக்கள். ரப்பர் பேண்டு இளகி, மேல் ஃபோட்டோவில் மாப்பிள்ளை முகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இதில் எனக்குத் 'தேவையானது' எது என்று நிபுணர் சொன்னால் தேவலை.

ஒப்பந்தத்தில் இருந்த விலாசத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன், திரும்பி வந்தது. ஒவ்வொரு சாமானையும் ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

தெரிந்த வக்கீலைக் கேட்டேன். விட்டுப் போனதாலேயே பொருள் உங்களுடையதாகிவிடாது என்றார் முதலில். இதற்குக் கிட்டத்தில் வருவது 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டமாம். அடுத்தவர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்திருப்பவர், சொந்தப் பொருளைப் போல அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் (பிரிவு 71). பட்ட சிரமத்துக்குப் பணம் கேட்டு வழக்குப் போட முடியாது. பணம் வரும்வரை பொருளைக் கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொள்ளலாம் (168). பிடித்து வைத்துக்கொள்வதா? அது போனால் போதும் என்றுதானே நிற்கிறேன்! விற்கவும் வழி இருக்கிறது. உடையவரை எவ்வளவு தேடியும் கிடைக்காமல் இருக்க வேண்டும், அல்லது பொருளைப் பார்த்துக்கொண்ட செலவைத் தர மாட்டேன் என்று அவர் சொல்ல வேண்டும். அதோடு பொருள் கெட்டுப்போகும் நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செலவு அதன் மதிப்பில் 3ல் 2 பங்கைத் தொட்டிருக்க வேண்டும் (169). கலிபோர்னியாவில் சாமானை எடுத்துப் போகச் சொல்லும் நோட்டீசைக் கையில் கொடுத்தால் 15 நாள் கெடு, தபாலில் அனுப்பினால் 18 நாள் என்று எண்ணியே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தம்பி மகன் தேடிச் சொன்னான். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. நிபுணருக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தங்கள் இதழில் ஹவுஸ் ஓனர் என்றாலே ஜோக் பக்கத்தில் சாவிக்கொத்தோடு முறைத்துக்கொண்டு நிற்பவர்தான். சுவர் முழுக்க ஆணி அடித்துவிட்டு, அட்வான்ஸில் ஒரு பைசா பிடிக்கக்கூடாது என்று சண்டை பிடித்தவர்களைப் பற்றி இரண்டு வருஷம் முன்பு நான் எழுதிய கடிதம் மூன்று வரியாக வந்தது. அந்த மூன்று வரியைப் படித்தால் நான்தான் ஆணி அடித்தது போலிருந்தது. போகட்டும்.

நானும் இருபது வருஷம் வாடகை வீட்டில் இருந்தவள்தான். ஒருமுறை வீடு மாறும்போது வண்டியில் இடமில்லாமல் அம்மாவின் தையல் மெஷினை விட்டுவிட்டு, மறுவாரம் எடுக்கப் போனோம். வீட்டுக்காரர் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார். "நீங்க வேண்டாம்னு விட்டீங்கன்னு நெனச்சேன்மா" என்றார். அவரும் தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டவர்தான்.

ஏழு மாதம் கழித்து, காலி செய்து போன அந்த அம்மாளிடமிருந்து போன் வந்தது. "அக்கா, பீரோ மேல ஒரு குடை வெச்சிருந்தோமே, இருக்கா?" இருக்கிறது என்றேன். மறுநாளே வந்து குடையை எடுத்துக்கொண்டாள். பீரோ? "அது இருக்கட்டும்க்கா, இப்ப இருக்கற வீடு சின்னது." அப்படியானால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு என்றேன். "என்னக்கா, எங்கமேல நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுண்டிப் போனாள். அட்டைப்பெட்டியையாவது எடுத்துப் போ என்று கையில் கொடுத்து அனுப்பினேன். புதுக் குடித்தனக்காரரின் குழந்தை இப்போது பீரோக் கதவில் காந்த எழுத்துகளை ஒட்டி விளையாடுகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சாவி கைமாறும் நாளில் இரு தரப்பும் வீட்டைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு பட்டியல் மாதிரியை அரைப் பக்கத்தில் போடுங்கள். விட்டுப்போகும் பொருள் என்ன, எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும், போன் எடுக்காவிட்டால் எந்த உறவினரைக் கூப்பிடுவது, தேதி தாண்டினால் விற்றுச் செலவு போக மீதியைத் தந்துவிடலாமா என்று அதில் இருந்தால் போதும். நிபுணரை வேண்டுமானால் விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பி.கு.: கடிதம் நீளம் என்று வெட்டுவதாக இருந்தால் தையல் மெஷினை எடுத்துவிடுங்கள். பட்டியலை எடுத்துவிடாதீர்கள்.