ஆருஷியைக் கூண்டில் ஏற்றாதீர்கள்: துப்பறியும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

வணக்கம். துப்பு துலங்காத கொலை வழக்குகளைத் தமிழில் எடுத்துப் பேசி, நீங்களாகவே மறுபடி ஆராய்ந்து வீடியோ போடும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு சேனலைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் சொன்னதையே இன்னும் பலர் சொல்லியிருப்பதை அப்புறம் தேடிப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன்.

நான் பள்ளி ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். போன மாதம் ஒரு நாள் மதிய உணவு முடிந்து வகுப்புக்குள் நுழைந்தபோது, நாலைந்து பையன்கள் ஆருஷி கொலை வழக்கைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். 2008இல் டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் 13 வயது ஆருஷியும் வீட்டு வேலைக்காரர் ஹேம்ராஜும் கொல்லப்பட்ட வழக்கு அது. முந்தின நாள் ராத்திரி பார்த்த வீடியோவாம். "அப்பாதான்டா" என்றான் ஒருவன். "இல்லடா, அந்த கம்பவுண்டர்" என்றான் இன்னொருவன். ஆருஷியின் அப்பாவுடைய பல் மருத்துவமனையில் வேலை பார்த்தவரைச் சொல்கிறான். மூன்றாவது பையன், "அந்தப் பொண்ணு ஒழுங்கா இருந்திருந்தா இதெல்லாம் ஏன்டா நடக்கப்போகுது?" என்றான். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். அவன் கெட்ட பையன் இல்லை. வீடியோவில் கேட்டதைத் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் இரண்டாவது பெஞ்சில் உட்காரும் ஒரு பெண் பிள்ளை தனியாக என்னிடம் வந்தாள். "டீச்சர், நம்ம செத்துப்போயிட்டா நம்ம போன்ல இருக்கிறதை எல்லாரும் எடுத்துப் படிப்பாங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு 14 வயது. என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தேன்.

வழக்கை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நொய்டா 25ஆம் செக்டார், ஜல்வாயு விஹார் வீட்டில் எந்தக் கதவு எந்தப் பக்கம் தாழ்ப்பாள் என்பது முதல் எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். விஸ்கி பாட்டிலில் இருந்த ரத்தம், கோல்ஃப் மட்டை, குக்ரி கத்தி, இன்டர்நெட் ரவுட்டர் எத்தனை மணிக்கு இயங்கியது, எதையும் விடவில்லை. உழைத்திருக்கிறீர்கள். அதை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் ஒரு தேதியை நீங்கள் வேகமாகக் கடந்து போகிறீர்கள். 2008 மே 23.

கொலை நடந்து ஒரு வாரம் ஆன நாள் அது. ஆருஷியின் அப்பாவைக் கைது செய்த உத்தரப் பிரதேச போலீஸ் அன்றைக்குப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டது. மீரட் சரக ஐ.ஜி. பொறுப்பிலிருந்த அதிகாரி, நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த கேமராக்களுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தப் பிள்ளைக்கும் வேலைக்காரர் ஹேம்ராஜுக்கும் இடையே ஏதோ இருந்தது போலப் பேசினார். அவளுடைய பெயரைக்கூட அவர் சரியாகச் சொல்லவில்லை. ஆருஷி என்பதற்குப் பதில் ஷ்ருதி என்றார். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பெயர்கூடத் தெரியாத நிலையில் ஒரு பிள்ளையின் ஒழுக்கத்துக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அப்போது ஒன்றிய அரசில் மகளிர், குழந்தைகள் நலத் துறையைக் கவனித்த ரேணுகா சௌத்ரி இதைக் கடுமையாகக் கண்டித்தார். அந்த அதிகாரியை இடம் மாற்றினார்கள். பேச்சு மட்டும் எங்கும் போகவில்லை, இன்றைக்கு என் வகுப்பறை வரைக்கும் வந்துவிட்டது.

மறுநாள் மே 24. ஆருஷியின் பிறந்த நாள். இருந்திருந்தால் அன்றைக்கு 14 முடிந்திருக்கும். பெற்றோர் பரிசை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள், ஒரு டிஜிட்டல் கேமரா. அவளுடைய கடைசி ராத்திரியில், மே 15 அன்று, அதை வைத்துத்தான் படம் எடுத்து விளையாடியிருக்கிறாள். உங்கள் வீடியோவில் அந்தக் கேமரா ஒரு இடத்தில் வருகிறது. கடைசிப் படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்ற கணக்குக்காக மட்டும் வருகிறது. நான் அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். புதுக் கேமரா கிடைத்த 13 வயசுப் பிள்ளை என்னவெல்லாம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். தினமும் அந்த வயதுப் பிள்ளைகள் நாற்பது பேரோடு இருப்பவள் நான்.

அப்புறம் 11 நிமிடம், அந்தப் பிள்ளையின் நண்பர்கள் யார், யாருடன் பேசினாள், என்ன எழுதினாள், வேலைக்காரருடன் எப்படிப் பழகினாள் என்றே போகிறது. நடுவில் "நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்று ஒரு இடைவெளி. கீழே கமெண்ட் பகுதியில் மக்கள் யோசித்திருப்பதைப் படித்தேன். அதையெல்லாம் இங்கே எழுத என் கை வரவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஆருஷியின் ஒழுக்கத்தைப் பற்றிய அந்தப் பகுதியை உங்கள் வீடியோக்களிலிருந்து எடுத்துவிடுங்கள். இனி அதைப் பேசாதீர்கள்.

"கொலைக்கு நோக்கம் என்னவென்று பேசாமல் எப்படித் துப்பறிவது? நீதிமன்ற ஆவணத்திலேயே இருப்பதைத்தானே சொல்கிறோம்" என்று நீங்கள் கேட்கலாம். சரி, நீதிமன்ற ஆவணத்துக்கே வருவோம். இருவரையும் சேர்த்துப் பார்த்து அப்பா கொன்றார் என்ற அந்தக் கதைக்கு, ஹேம்ராஜை ஆருஷியின் அறையில் வைத்துத் தாக்கினார்கள் என்பதுதான் அடித்தளம். ஆனால் அவளுடைய படுக்கை விரிப்பிலும் தலையணையிலும் ஹேம்ராஜின் ரத்தம் கிடைக்கவே இல்லை. 2010 டிசம்பரில் வழக்கை முடிக்கச் சொல்லி சி.பி.ஐ. தாக்கல் செய்த அறிக்கையிலேயே இது இருக்கிறது. 2013 நவம்பரில் காஜியாபாத் சிறப்பு நீதிமன்றம் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து இருவரையும் விடுவித்தது. விசாரணை நீதிபதி ஒரு சினிமா இயக்குநரைப் போலச் சிதறிக் கிடந்த விஷயங்களைக் கோத்துக் கதை பண்ணியிருக்கிறார் என்று அந்தத் தீர்ப்பிலேயே கண்டித்து எழுதியிருக்கிறார்கள். இதையும் நீங்கள் வீடியோவில் சொல்கிறீர்கள், கடைசி இரண்டு நிமிடத்தில். அதுவரை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? என் மாணவர்கள் பார்க்கவில்லை.

ஹேம்ராஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். 45 வயது, நேபாளத்திலிருந்து பிழைக்க வந்தவர். மே 16 காலையில் அவரைக் காணவில்லை என்றதும் அவர்தான் கொலைகாரன் என்று போலீஸ் முடிவு செய்துவிட்டது. மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி கிடைக்கவில்லை என்று பூட்டை உடைக்காமலே விட்டுவிட்டார்கள். மறுநாள் கதவைத் திறந்தபோது அந்த மனிதரின் உடல் மாடியில் கிடந்தது. ஒரு நாள் முழுக்கக் கொலைகாரனாக இருந்தவர், ஒரு வாரத்தில் அடுத்த பழிக்கும் ஆளானார். அவருக்கும் மனைவி உண்டு, குடும்பம் உண்டு. 2017 டிசம்பரில் நீதி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை வந்தவர் அந்த மனைவி. சி.பி.ஐ.யே அதற்கப்புறம், 2018இல்தான் மேல்முறையீட்டுக்குப் போனது. நான் பார்த்த வீடியோக்களில் ஒன்றின் தலைப்பில்கூட ஹேம்ராஜின் பெயர் இல்லை. ஆருஷிக்கும் அவருக்கும் இடையே ஏதோ இருந்தது என்று சொல்லும்போது மட்டும் அவர் பெயர் வருகிறது. அந்தப் பகுதியை எடுக்கச் சொல்வது அவருக்காகவும்தான்.

கம்பவுண்டரையும், குடும்ப நண்பர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் வேலை பார்த்த இருவரையும் மயக்க மருந்து கொடுத்துக் கேள்வி கேட்ட வீடியோத் துண்டுகளை "ஒப்புதல் வாக்குமூலம்" என்று போடுகிறீர்கள். ஒருவர் சம்மதமில்லாமல் நார்கோ சோதனை செய்வது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் சொல்லிவிட்டது. சம்மதித்துச் செய்தாலும் அந்தச் சோதனையில் சொல்வது அப்படியே சாட்சியம் ஆகாது. அந்த மூன்று பேர் மீதும் குற்றப்பத்திரிகையே தாக்கல் ஆகவில்லை. எங்கோ வேலை பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் பெயரைப் போட்டு "இவர்களில் யார்? ஓட்டுப் போடுங்கள்" என்று கேட்பது எந்த வகைத் துப்பறிதல் என்று எனக்குப் புரியவில்லை. கொலைப் பழியை ஓட்டெடுப்பில் விடலாமா? அந்த மூன்று பேரில் ஒருவர் உங்கள் அண்ணனாக இருந்தால் விடுவீர்களா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். உங்கள் மீது மட்டும் உள்ள கோபம் இல்லை இது. ஒரு பெண் பிள்ளை செத்துப்போனால் "யார் கூடப் பேசிட்டு இருந்துச்சாம்?" என்று கேட்பதுதான் நம் தெருவிலும் முதல் கேள்வி. துக்க வீட்டில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டே இதைக் கேட்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். பையன் செத்தால் இந்தக் கேள்வி வருவதில்லை. உங்களிடம் சில லட்சம் பேர் கேட்கிறார்கள் என்பதால்தான் உங்களிடம் வந்து முறையிடுகிறேன்.

ஆர்வலர்கள் வழக்கைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் 1996இல் கிறிஸ்டின் ஸ்மார்ட் என்ற 19 வயது கல்லூரி மாணவி காணாமல் போனாள். இருபது வருஷத்துக்கு மேல் வழக்கு நகரவில்லை. கிறிஸ் லாம்பர்ட் என்பவர், போலீஸ்காரரும் இல்லை நிருபரும் இல்லை, 2019இல் அதைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார். அதுவரை பேசாதிருந்தவர்கள் அவரிடம் பேச முன்வந்தார்கள். அவர்கள் சொன்னது போலீஸுக்குப் போனது. 2021இல் கைது, 2022 அக்டோபரில் கொலைக் குற்றம் உறுதியானது. அவர் சாட்சிகளைத் தேடிப் போனார். அதற்கு நேர்மாறாக, 2013இல் பாஸ்டன் குண்டுவெடிப்பின்போது இணையத்தில் துப்பறிந்தவர்கள் காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரைக் குண்டு வைத்தவர் என்று பெயர் சொன்னார்கள். அந்தப் பையன் அதற்கு முன்பே இறந்திருந்தான். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வசை வந்து குவிந்தது.

ஆருஷி வழக்கில் கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ கிடக்கின்றன. முதல் நாள் காலையில் அந்த வீட்டுக்குள் அத்தனை பேர் நடமாட யார் விட்டார்கள்? மாடிப் பூட்டை ஏன் உடைக்கவில்லை? கம்பவுண்டர் அறையிலிருந்து எடுத்த தலையணை உறையில் ஹேம்ராஜின் மரபணு இருந்ததாக ஹைதராபாத் ஆய்வகம் அறிக்கை கொடுத்துவிட்டு, அப்புறம் தட்டச்சுப் பிழை என்று சொன்னதே, அப்படி ஒரு பிழை எப்படி நடந்தது? அதனால் யார் கொலைகாரர் என்று நான் சொல்ல வரவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். இந்தக் கேள்விகளை விடாமல் கேளுங்கள். 11 நிமிடம் இல்லை, ஒரு மணி நேரம் பேசுங்கள், நானே என் மாணவர்களைப் பார்க்கச் சொல்கிறேன். தடயத்தை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். இந்தக் கேள்விகளில் எதற்கும் அந்தப் பிள்ளையின் போன் தேவைப்படாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், மிரட்டுவதற்காக இல்லை. இறந்தவரைப் பற்றி அவதூறு பேசி, அது அவருடைய குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தில் இருந்தால் அதுவும் குற்றம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவில் இருந்தது, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவாக இருக்கிறது. உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை என்று நம்புகிறேன். நம்புவதால்தான் காவல் நிலையத்துக்குப் போகாமல் கடிதம் எழுதுகிறேன்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். ஆருஷியின் ஒழுக்கம் பற்றிய பகுதியை வெட்டிவிட்டு வீடியோவை மறுபடி ஏற்றுங்கள். முகப்புப் படத்தில் அவள் முகத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் அந்தக் கேள்விக்குறியையும் அந்த வார்த்தையையும் எடுத்துவிடுங்கள். போலீஸ் அன்றைக்கு அப்படிச் சொன்னது என்பதைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், அது நிரூபணம் ஆகவில்லை என்பதையும் அதே மூச்சில், அதே வாக்கியத்தில் சொல்லுங்கள். தலைப்பில் ஹேம்ராஜின் பெயரையும் சேருங்கள்.

மே மாதம் வந்தால் இந்த வழக்கைப் பற்றி மறுபடி எல்லோரும் வீடியோ போடுவீர்கள். அதற்குள் மாற்றினால் நல்லது. இரண்டாவது பெஞ்சுப் பிள்ளைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "யாரும் படிக்க மாட்டாங்கம்மா" என்று சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியை ஒருவர்