வகையிடலை நால்வர் சேர்ந்து விளையாடட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பதினொன்றாம் வகுப்பில், ஓர் அளவு எந்த வீதத்தில் மாறுகிறது என்று காணும் வகை நுண்கணிதம் தொடங்கியதும், மாணவர்கள் ஆளுக்கொரு நோட்டில் தனியாகக் கணக்குப் போட்டுக் குவிப்பதே பயிற்சி என்று ஆகிவிட்டது. தவறாகப் புரிந்துகொண்ட விதியை ஐம்பது கணக்கில் போட்டுப் பார்த்தால் தவறுதான் கையில் ஊறும். திருத்திய நோட்டு திரும்பி வருவதற்குள் பாடம் அடுத்த பகுதிக்குப் போயிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பின் பெரும மதிப்பு, சிறும மதிப்பு, தொகையிடல் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. எனவே வாரத்தில் ஒரு பாடவேளையையாவது நால்வர் குழு விளையாட்டுக்குக் கணித ஆசிரியர்கள் ஒதுக்க வேண்டும். ஆறு பேர் வைத்தால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள், நால்வரே சரி.

எளிதாகத் தொடங்கத் தொடரோட்டம் உகந்தது. ஒரு தாளின் மேல் ஒரு சார்பை (எக்ஸைக் கொண்ட ஒரு கோவையை) எழுதி முதல் மாணவரிடம் கொடுங்கள். அவர் ஒருமுறை வகையிட்டு, அதாவது அது மாறும் வீதமான வகைக்கெழுவைக் கண்டு, மேல் வரி மறையும்படி தாளை மடித்து அடுத்தவரிடம் தர வேண்டும். நான்காவது கைக்கு வரும்போது நான்காம் வகைக்கெழு கிடைக்கும். இதற்குச் சார்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சைன் எக்ஸ் கொடுத்தால் நான்காவது ஆளிடம் சைன் எக்ஸாகவே திரும்பி வரும். சைன் 2எக்ஸ் என்றால் 16 சைன் 2எக்ஸ் வர வேண்டும். வெறும் சைன் 2எக்ஸ் வந்தால் நால்வருமே உள்ளே இருக்கும் 2எக்ஸை வகையிட மறந்திருக்கிறார்கள் என்று பொருள். எக்ஸ் சைன் எக்ஸ் என்றால் முடிவு எக்ஸ் சைன் எக்ஸ் கழித்தல் 4 கொசைன் எக்ஸ். தாளைப் பிரித்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் தவறு நுழைந்த இடம் தானே தெரியும். ஐயம் வந்தால் தாளை முந்தையவரிடம் திருப்பிக் கொடுக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த சார்புகளை வகையிடும் சங்கிலி விதிக்கு மாணவர்களை வரிசையாக நிறுத்துவதைப் போல வேறொன்றும் உதவுவதில்லை. சைன் 3எக்ஸின் வர்க்கத்தை எடுத்துக்கொள்வோம். முதல் ஆள் ‘வர்க்கம்’, இரண்டாம் ஆள் ‘சைன்’, மூன்றாம் ஆள் ‘3எக்ஸ்’ என்று அட்டை பிடிக்கட்டும். நான்காமவர் எழுதுபவர். முதல் ஆள் 2 சைன் 3எக்ஸ் என்பார், இரண்டாமவர் கொசைன் 3எக்ஸ் என்பார், மூன்றாமவர் 3 என்பார். பெருக்கினால் 6 சைன் 3எக்ஸ் கொசைன் 3எக்ஸ். தனக்குள்ளே இருப்பதை யாரும் தொடக்கூடாது என்பதே ஒரே விதி. முதல் ஆள் அவசரப்பட்டு 2 கொசைன் 3எக்ஸ் என்று சொல்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அவர் பக்கத்தில் நிற்பவரின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறார். சைனின் வர்க்கத்தையும் எக்ஸ் வர்க்கத்தின் சைனையும் குழப்பிக்கொள்பவர்களுக்கு அட்டைகளை இடம் மாற்றி நிற்கவைத்தாலே வேறுபாடு புரிந்துவிடும்.

இரு சார்புகளின் பெருக்கலை வகையிடும் பெருக்கல் விதியில் இரண்டு வகைக்கெழுக்களை அப்படியே பெருக்கிவிடும் மாணவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். 1675-இல், நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸுக்கே அந்த ஐயம் எழுந்து, பிறகுதான் அது பொருந்தாது என்று கண்டார். எக்ஸை எக்ஸால் பெருக்கி வகையிடச் சொல்லுங்கள். அந்த மாணவரின் வழியில் 1 வரும். உண்மையான விடை 2எக்ஸ்.

விடையைச் சரிபார்க்க ஆசிரியர் தேவையில்லை, ஓர் அறிவியல் கால்குலேட்டர் போதும். சார்பின் மதிப்பை 1.001-இலும் 0.999-இலும் கண்டு, கழித்து, 0.002-ஆல் வகுத்தால் எக்ஸ் 1 ஆக இருக்கும்போது வகைக்கெழு ஏறக்குறையக் கிடைத்துவிடும். எக்ஸ் வர்க்கம் சைன் எக்ஸுக்கு 2.223 வரும். 2எக்ஸ் கொசைன் எக்ஸ் என்று எழுதிய குழுவுக்கு 1.081தான் வரும். கால்குலேட்டர் ரேடியன் என்ற கோண அலகில் இருக்க வேண்டும். பாகையில் இருந்தால் 0.052 என்று காட்டி, சரியான விடையையும் தவறாக்கிவிடும். ஒரு குழு சைன் 2எக்ஸ் என்றும் இன்னொரு குழு 2 சைன் எக்ஸ் கொசைன் எக்ஸ் என்றும் எழுதிச் சண்டையிடும்போதும் எண்ணைப் போட்டுப் பார்ப்பதே தீர்ப்பு. சுருக்கி எழுதினால்தான் மதிப்பெண் என்று வைக்காதீர்கள். இயற்கணிதத்தில் தடுமாறுபவர் வகையிடலிலும் தோற்றதாக நினைத்துவிடுவார்.

தயவுசெய்து கடிகாரம் வைத்து ஓட்டாதீர்கள். வேகத்துக்குப் பரிசு என்றால் குழுவில் கெட்டிக்கார மாணவி ஒருத்தியே எல்லாவற்றையும் போட்டுவிடுவாள், மற்ற மூவரும் கைதட்டுவார்கள். சரியான விடைக்கு 1 புள்ளி, எதிர்க்குழுவின் தவறைக் கண்டு எந்த விதி மீறப்பட்டது என்று சொன்னால் 2 புள்ளி என்று வைத்தால் எல்லாரும் எல்லா வரியையும் படிப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறி உட்கார வேண்டும்.

இந்த விளையாட்டு கையைத்தான் பழக்கும். எல்லை வழியாக வகைக்கெழுவின் வரையறையை நடத்தி, தொடுகோட்டின் சாய்வு என்பதை வரைபடத்தில் காட்டிய பிறகே இதற்கு வர வேண்டும். அந்த அடிப்படையைச் சோதிக்க சார்புகள் எழுதிய அட்டைக் கட்டில் எக்ஸின் மட்டு மதிப்பையும் (கழித்தல் குறியை நீக்கிய மதிப்பையும்) கட்டாயம் சேருங்கள். 0-இல் அதன் வகைக்கெழுவைக் கேட்டால், மேலே சொன்ன முறையில் 0.001-ஐயும் கழித்தல் 0.001-ஐயும் போடும் கால்குலேட்டர் 0 என்றே சொல்லும். அங்கே வகைக்கெழுவே இல்லை: இடப்புறச் சாய்வு கழித்தல் 1, வலப்புறம் 1. கால்குலேட்டரை நம்பிய குழுவுக்கு அந்தச் சுற்றில் புள்ளி கிடையாது.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்புக் கணித ஆசிரியை ஒருவர்,
விருதுநகர்.