சாக்கு, பசை, முத்தின வெண்டைக்காய்: ஒரு நன்றி மடல்

எங்கள் தெருக்காரர்களுக்கும், தெருவுக்கு வெளியிலிருந்து வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

மதுரை திருநகர் 3வது பஸ் ஸ்டாப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேனே, நான்தான் எழுதுகிறேன். மே மாதம் முழுக்க என் கடைக்குப் பின்னால், மாடிப்படி நிழலில், 11 பிள்ளைகள் உட்கார்ந்து எதையாவது பிசைந்துகொண்டும் கிழித்துக்கொண்டும் இருந்தார்கள். பெரியவனுக்கு 7 வயது. கடைக்குட்டிக்கு அப்போதுதான் மூன்று முடிந்திருந்தது. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் சாதிச் சான்றிதழ், ஆதார், டிசி என்று நகல் எடுக்கக் கூட்டம் அள்ளுகிறது. சரி, எழுதியே விடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். லீவு விட்டதும் ஃபோனில் பார்த்து ஒரு கைவினைப் பெட்டி வாங்கினேன், 850 ரூபாய். உள்ளே ஏற்கெனவே வெட்டி வைத்த கிளி, ஏற்கெனவே வெட்டி வைத்த மயில், ஒட்ட வேண்டிய இடத்தில் புள்ளி போட்ட அட்டை. என் மகளும் எதிர்வீட்டுச் சின்னவனும் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். இரண்டு கிளியும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்ததால் எது யாருடையது என்று சண்டை. அப்புறம் கிளியைப் போட்டுவிட்டு வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். அதில் சன்னல் கிழித்து, பஸ் ஆக்கி, "பெரியார், பெரியார்" என்று பஸ் ஸ்டாண்ட் பேரைக் கூவி ஆளேற்றியது சாயங்காலம் வரைக்கும் ஓடியது. அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் காசு கொடுத்து எதையும் வாங்குவதில்லை என்று. வாங்காமல் எப்படி நடத்துவது? உங்கள் வாசலில் வந்து நின்றுதான்.

விளாச்சேரி அக்காவுக்கு முதல் நன்றி. எங்களுக்கு விளாச்சேரி கூப்பிடு தூரம். கொலு பொம்மையும் பிள்ளையாரும் செய்கிற ஊர். ஆனாலும் நான் அந்தத் தெருக்களுக்குள் போனதெல்லாம் நவராத்திரிக்கு முந்தின வாரம் மட்டும்தான், அதுவும் பேரம் பேச. இந்த முறை ஒரு வாளியோடு போய், "பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மண் வேணும்க்கா" என்று நின்றேன். கல் பொறுக்கிப் பிசைந்த மண்ணில் இரண்டு பெரிய உருண்டை எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "சாக்க மட்டும் காயவிட்ராத" என்றார். மூன்றாம் நாள், மண் என்ன கதியில் இருக்கிறது என்று பார்க்க அவரே வந்துவிட்டார்.

வந்தது நல்லதாகப் போயிற்று. நாங்கள் செய்த மாடும் குதிரையும் அதற்குள் கால் இல்லாமல் கிடந்தன. காரணம் அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. ஒட்டப்போகிற இரண்டு இடத்திலும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும். மண்ணையே தண்ணீரில் கரைத்த குழம்பைத் தடவி, அழுத்தி, மூட்டு தெரியாமல் விரலால் வழித்துவிட வேண்டும். நானோ வெறும் தண்ணீரைத் தொட்டு ஒட்டியிருந்தேன். அதைவிடப் பெரிய தப்பு, சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் வைத்தது. மேலே காய்ந்து சுருங்குகிறது, உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது, பிளக்காமல் என்ன செய்யும்? நிழல்தான் சரி. சூளையில் சுடுகிற ஆசையும் வேண்டாம் என்றார். பிள்ளைகள் செய்வது உள்ளே கெட்டியாக இருக்கும். நடுவில் தங்கின ஈரம் சூட்டில் வெடித்தால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும்.

அன்றைக்கு அவர் சொன்ன இன்னொன்றுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். எதிர்வீட்டுச் சின்னவன் ஒரு யானை செய்தான். தும்பிக்கை இல்லை, கால் ஆறு. நான் இரண்டு காலைப் பிய்த்து, உருட்டி, தும்பிக்கையாக ஒட்டிக் கொடுத்தேன். உதவி செய்வதாகத்தான் நினைப்பு. அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டான். அக்கா என் பக்கம் திரும்பி, "யானைன்னு அவன் சொல்லிட்டான்ல, பெறகு நீ என்னத்துக்குத்தா ஆராய்ச்சி பண்ற?" என்றார். காலமெல்லாம் பொம்மை செய்கிறவர் கேட்கிறார், நான் என்ன பேச? மறுநாள் அவனிடமே கேட்டேன், ஆறு கால் எதுக்குடா என்று. "ரெண்டு கால் வலிச்சா மத்ததுல நிக்கும்" என்றான்.

அடுத்து டெய்லர் அண்ணன். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தூணடியில் மெஷின் போட்டு வருஷக்கணக்காகத் தைத்தவர். அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது, போதும் என்று மெஷினை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அவரிடம் ஒரு மூட்டை துண்டுத் துணி கேட்டோம். கொடுத்த கையோடு போகாமல் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

எங்கள் கூட்டத்தில் 5 வயதுப் பெண் ஒருத்திக்கு மட்டும் கத்தரிக்கோல் பிடிபடவே இல்லை. காகிதம் வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கிப் போய் மாட்டிக்கொள்ளும். நானும் ஒரு வாரமாக, பார்த்து வெட்டு, நிதானமா வெட்டு என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சிரித்தார். "புள்ள எடக்கையிலல்ல பிடிச்சிருக்கு? இந்தக் கத்தரி வலக்கைக்குச் செஞ்சதும்மா. அவ அமுக்க அமுக்க அலகு ரெண்டும் விலகும்." அவரும் இடக்கைக்காரர். சின்ன வயதில் தொழில் பழகிய இடத்தில் அதற்காகவே தலையில் குட்டு வாங்கியிருக்கிறாராம்.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். கட்டைவிரலை வெளியே தள்ளாதே, உள்ளங்கைப் பக்கம் இழு. மற்ற விரலை வெளிப்பக்கம் தள்ளு என்று தன் கையிலேயே செய்து காட்டினார். அப்படிச் செய்தால் விலகப் பார்க்கிற அலகுகள் மறுபடி ஒன்றோடொன்று உரசும். நாலைந்து முறை தவறியது. நாக்கைத் துருத்திக்கொண்டு ஆறாவது முறை அமுக்கினாள், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை சரக்கென்று இரண்டானது. அன்று பொழுது சாயும் வரை கைக்கு அகப்பட்டதையெல்லாம் வெட்டினாள், என் பில் புத்தகத்தில் நாலு பக்கம் உட்பட. மறுநாள் அண்ணன் தன் பெட்டியிலிருந்து இடக்கைக்கென்றே செய்த ஒரு சின்னக் கத்தரியைக் கொண்டுவந்து கொடுத்தார். முனை மழுங்கினது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பசை கோடிவீட்டுப் பெரியவரின் உபயம். அவர் ஒரு காலத்தில் டவுனில் சினிமா போஸ்டர் ஒட்டியவர். மைதாவை நேராகச் சுடுதண்ணீரில் கொட்டி நான் கட்டி கட்டியாக்கியதைப் பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல் அடுப்படிக்கே வந்துவிட்டார். மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் கொதிக்கிற தண்ணீரில் அதை ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருந்தால், வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கிவிடலாம். போஸ்டர் பசையில் பூச்சி, எலி அண்டாமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்களாம். "அது விஷம். இதுக வெரல வாயில வைக்குங்க. நாத்தமடிச்சா கொட்டிட்டு வேற காய்ச்சு" என்று கறாராகச் சொல்லிவிட்டார். தினமும் காலையில் புதுசாகக் காய்ச்சினோம். கடைக்குட்டி அதை நக்கிப் பார்த்து, உப்பு இல்லை என்று குறை சொன்னது வேறு விஷயம்.

மாடிவீட்டு அப்பத்தா, முறத்துக்குப் பூசுகிற கூழ் அரைக்கக் கற்றுக்கொடுத்தார். பழைய நியூஸ்பேப்பரைக் கிழித்து ராத்திரி ஊறப் போட்டு, தனியாக ஊறிய ஒரு கைப்பிடி வெந்தயத்தோடு சேர்த்து மைய அரைத்தால் வழவழவென்று வரும். அதில் வெந்தயம்தான் பிசின். என் கிரைண்டரைக் கொண்டுவரவா என்று கேட்டேன். "மைத்தாள அரைச்சதுல நாளைக்கு மாவாட்டுவியாக்கும்?" என்று ஒரு அதட்டுப் போட்டு, வாசலில் சும்மா கிடந்த ஆட்டுரலைக் காட்டினார். கிழிக்கிற வேலை முழுக்க மூன்று, நாலு வயதுகளுக்கு. கத்தரி பிடிக்காத கைக்குக் கிழிப்பது போல ஒரு வேலை கிடையாது, அரை மணி நேரம் சத்தமே இல்லை. கிண்ணங்களைக் கவிழ்த்து, எண்ணெய் தடவி, மேலே கூழை அப்பி, மூன்று நாள் வெயிலில் வைத்தோம் (இதற்கு வெயில் ஆகும்). கழற்றியபோது 11 கிண்ணத்தில் 8 முழுசாக வந்தன. உடைந்த மூன்றும் தொப்பி ஆகிவிட்டன.

காய்கறிக் கடை அண்ணாச்சி, விலை போகாத முத்தின வெண்டைக்காயை எங்களுக்கென்று ஒதுக்கி வைத்தார். குறுக்கே வெட்டி வண்ணத்தில் தொட்டு அச்சு வைத்தால் ஐந்து இதழ்ப் பூ. இளங்காய் நசுங்கிவிடும், முத்தினதுதான் நிற்கும். வாழை மட்டையை வெட்டி அச்சு வைத்தால் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக விழும். வண்ணத்துக்கு மஞ்சள் தூளும் பீட்ரூட்டும். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டால் ஆரத்திச் சிவப்பு வரும் என்பது நமக்குப் பழகிப்போனது, பிள்ளைகளுக்கோ மந்திரம். சுண்ணாம்பு கையைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. அதை மட்டும் நான் கலந்தேன். மூலைவீட்டு வேலியில் பூத்த சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா. "இன்னொருக்க, இன்னொருக்க" என்று கேட்டுக் கேட்டே வேலியை மொட்டையாக்கிவிட்டோம். மூலைவீட்டு அம்மா, நன்றியோடு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

நுங்கு விற்கிற ஐயா, தின்று போட்ட கூந்தலில் (நுங்கு எடுத்தபின் மிஞ்சுகிற காய்) நல்லதாக இரண்டைப் பொறுக்கி, நடுவில் குச்சி செருகி, தள்ள ஒரு கவைக்குச்சியும் வெட்டிக் கொடுத்தார். நுங்கு வண்டி பார்த்தே இராத பிள்ளைகள் எங்களிடம் ஆறு பேர். இரண்டு நாளில் கூந்தல் காய்ந்து பிளந்ததும், பஞ்சர் ஒட்டச் சொல்லி சைக்கிள் கடைக்கே தள்ளிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சைக்கிள் கடைத் தம்பிதான் வால்வு டியூப் துண்டுகள் கொடுத்தவர். பின்வீட்டு அக்கா, சாத்தூரில் தீப்பெட்டி வேலை செய்யும் சொந்தக்காரர் மூலமாக மருந்து தோய்க்காத வெறும் குச்சி ஒரு பை வரவழைத்தார். இரண்டையும் சேர்க்கிற யோசனை என்னுடையது இல்லை. குப்பையிலிருந்து பொம்மை செய்து காட்டியே பேர் வாங்கிய அரவிந்த் குப்தா, 1970களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பிள்ளைகளுக்காகச் செய்தது அது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். டியூபைச் சின்னதாக நறுக்கி இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் மடங்குகிற மூட்டு கிடைக்கும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்தால் அழுத்தினாலும் அசையாது. நாலு குச்சியில் சதுரம் செய்தால் தொட்டவுடன் சாய்ந்துவிடும். எங்கள் 7 வயதுக்காரன் சாய்கிற சதுரத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மூலைக்கு மூலை ஒரு குச்சி வைத்துப் பார்த்தான், நீளம் எட்டவில்லை. எழுந்து போய் என் கடை விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி, அளந்து ஒடித்துச் செருகினான். சதுரம் நின்றுவிட்டது. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, வாயைத் திறக்கவில்லை. விளாச்சேரி அக்காவுக்கு இன்னொரு முறை நன்றி. (குச்சி, டியூப் எல்லாம் கடைக்குட்டி தூங்கின பிறகுதான் வெளியே வந்தன. கிடைத்ததை வாயில் போடுகிற வயசு.)

வீட்டுக்காரர் ஐயா, மாடிப்படிச் சுவரில் பதிந்த கைகளைப் பார்த்து நீங்கள் வாடகையை ஏற்றுவீர்கள் என்று பயந்தேன். "எப்படியும் பெயிண்ட் அடிக்கிற வருஷந்தான்" என்றீர்கள். அடிக்கும்போது கீழிருந்து மூன்றாவது படிக்கு மேலே இருக்கும் சின்ன மஞ்சள் கையை மட்டும் விட்டுவைக்க முடியுமா?

படிக்கிற பிள்ளைகளை மண்ணில் உருள விடுறீங்களே என்று முதல் நாள் சத்தம் போட்டவருக்கும் நன்றி. ஐந்தாம் நாள் பேரனைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து விட்டதற்கு. சாயக் கறை போகாத சட்டைகளைத் துவைத்த அம்மாக்களுக்குத் தனி நன்றி. காகிதக் கிண்ணம் ஒன்று ராத்திரியோடு ராத்திரியாக நேர்க்கோட்டில் பார்டர் போட்டுக்கொண்டு வந்தது. யார் வீடு என்று தெரியும், சொல்ல மாட்டேன். நானும் யானைக் காலைப் பிய்த்தவள்தான்.

இப்போது கத்தரிக்கோல். டெய்லர் அண்ணே, பள்ளிக்கூடம் திறந்ததும் திருப்பித் தர உறையில் போட்டுத்தான் வைத்தேன். அந்தப் பெண் தினமும் சாயங்காலம் ஸ்கூல் பையோடு கடை வாசலில் நின்று, "அது இருக்கா?" என்கிறாள். எடுத்துக் கொடுத்தால், ஜெராக்ஸில் வீணாய்ப் போன தாளில் ஐந்து நிமிஷம் வெட்டிவிட்டு, உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அதனால் அது இன்னும் கொஞ்ச நாள் எங்களிடமே இருக்கட்டும்.

விளாச்சேரி அக்கா, உங்கள் சாக்கும் இங்கேதான் இருக்கிறது. காயவிடவில்லை. உள்ளே கால் உருண்டை மண் மிச்சம்.

அன்புடன்,
ஜெராக்ஸ் கடைக்காரி