நரம்பு டானிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பா,

நேற்று ராத்திரி சித்தி போனில் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாக்கில் புற்றுக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து வந்த பயாப்சி ரிப்போர்ட்டில் 'நரம்பைச் சுற்றிப் பரவியிருக்கிறது' என்ற வரியை யாரோ படித்துச் சொல்ல, நரம்புத் தளர்ச்சி என்று நீங்களே முடிவு கட்டி, டானிக்கும் வைட்டமின் மாத்திரையும் வாங்கி வந்துவிட்டீர்களாம். கட்டியைத்தான் வெட்டியாச்சே, அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) எதற்கு என்று வேறு கேட்டீர்களாம். ரங்கூனில் இதே கேள்வியோடு இன்னும் நாலு வீடு இருக்கும், அதனால்தான் இதை எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் நரம்புக்குத் தளர்ச்சி இல்லை. நரம்பு வெறும் கம்பி இல்லை சித்தப்பா, அதன் நுனியிலிருந்து நார்அட்ரினலின், அசிட்டைல்கோலின் என்று சில ரசாயனங்கள் கசியும், பக்கத்துச் செல்கள் அதற்குத் தக்கபடி நடந்துகொள்ளும். புற்றுச் செல்லுக்கும் அந்தக் காது உண்டு. கட்டி நரம்பை வளர்க்கும் புரதத்தைச் சுரந்து நரம்பைத் தன் பக்கம் இழுக்கிறது, வந்த நரம்பு கசியவிடுவதை வாங்கிக்கொண்டு தான் கொழுக்கிறது, போதாததற்கு நரம்பின் உறையை ஒட்டியே, வேலி ஓரமாகப் பாகற்கொடி படர்கிற மாதிரி, நகர்ந்துபோகிறது. கத்தி வெட்டிய இடத்தைத் தாண்டி அப்படிப் போன நாலு செல்லைக் கண்ணால் பார்க்க முடியாது. கரண்ட் அதற்குத்தான்.

அந்தப் புரதம் கண்ணில் பட்டதே ஒரு கட்டியால்தான். எலியின் கட்டியைக் கோழிக் கருவில் வைத்தால் நரம்புகள் அதை நோக்கிப் பாய்ந்து வளர்வதைக் கண்ட ரீட்டா லெவி-மொண்டால்சினி என்ற இத்தாலிய அம்மா, 1952-ல் கட்டியுள்ள இரண்டு எலிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு ரியோவுக்கு விமானம் ஏறினார். 1986-ல் நோபல் பரிசு வந்தது. ஆனால் நரம்பு புற்றுநோய்க்கு என்ன செய்கிறது என்று ஆராய ரொம்ப காலம் ஆனது. 2013-ல் எலிகளின் புராஸ்டேட் கட்டியில் நரம்பை அறுத்தால் கட்டி அடங்குகிறது என்று காட்டினார்கள், அடுத்த வருஷம் வயிற்றுக் கட்டியில். 2020-ல் நம்ம விஷயத்துக்கே வந்தார்கள்: வாய்ப் புற்றில் பி53 என்ற காவல் மரபணு கெட்டுப்போனால், வலியை உணர்கிற நரம்பைக்கூடக் கட்டி தன் வசதிக்கு நார்அட்ரினலின் கசியவிடும் அட்ரினலின் வகை நரம்பாக மாற்றிவிடுகிறதாம். படித்ததும் எனக்குப் பகீரென்றது.

இனி குன்யா, அதாவது நீங்கள் போடுகிற வெற்றிலைபாக்கு. முப்பது வருஷப் பழக்கம், திட்டி என்ன ஆகப்போகிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சீவலில் உள்ள அரிகோலின், புகையிலையின் நிகோட்டின் இரண்டுமே அசிட்டைல்கோலின் மாதிரி வேஷம் போட்டு அதே கதவைத் தட்டுகிறவை. வாயில் போட்டதும் உடம்பு சூடேறி நெற்றி வேர்க்கிறதே, அது அந்த வேஷம்தான். புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் புற்றுக்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிக்கை போட்டுவிட்டது. 'சுண்ணாம்பும் பாக்கும் மட்டும்தான்' என்கிற சமாதானம் வேண்டாம்.

அப்புறம், புரோப்ரனலால் என்ற பழைய பிரஷர் மாத்திரை அட்ரினலின் கதவை அடைக்கும், அதனால் புற்றும் அடங்குமா என்று சோதனைகள் நடக்கின்றன. யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். உங்களுக்கு ஆஸ்துமா இழுப்பு இருக்கிறது, அந்த மாத்திரை மூச்சையே அடைத்துவிடும். தொடாதீர்கள்.

கீழ் உதட்டிலோ நாக்கிலோ மரத்துப்போன மாதிரி இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அவருக்கு அது முக்கியம். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நானே டாக்ஸி பிடித்து வருகிறேன். டானிக் பாட்டிலை இன்னும் உடைக்கவில்லை என்று சித்தி சொன்னாள், பில்லைத் தேடி வையுங்கள்.

உங்கள் அண்ணன் மகன்