எலி மேல பண்ண ஆராய்ச்சின்னா தலைப்புலயே எலின்னு போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல புற்றுநோயை 'தேடிப் போய் அழிக்கும்' தங்க நானோ துகள்னு (கண்ணுக்கே தெரியாத அளவு பொடியான தங்கம்) ஒரு செய்தி வந்துச்சு. அதை கத்தரிச்சு வச்சுக்கிட்டு எங்க பெரியம்மா, கீமோ வேண்டாம்டா, இந்த தங்க ஊசி எங்க போடுறாங்கன்னு விசாரிச்சு சொல்லுன்னு ஒரே பிடிவாதம். கடைசி பத்தியில ஒரு ஓரமா எலின்னு இருந்துச்சு, அதை யாரு படிக்கிறா. நானும் கொஞ்ச வருஷம் லேப்ல இதே தங்கத் துகளோட மல்லுக்கட்டினவன், அதான் எழுதுறேன்.

துகள் எதையும் தேடாது சார். ஊசி போட்டா ரத்தம் போற பக்கமெல்லாம் அதுவும் போகும், அவ்ளோதான். கட்டியில அவசர அவசரமா முளைச்ச ரத்தக்குழாய் ஓட்டையா இருக்கும், அது வழியா கசிஞ்சு உள்ள தங்கிடும்னு 1986லயே ஜப்பான்ல மட்சுமுரா, மேடான்னு ரெண்டு விஞ்ஞானிங்க சொன்னாங்க, இந்த துறையில பாதி அந்த நம்பிக்கையில ஓடுது. புற்றுநோய் செல்லை அடையாளம் கண்டு ஒட்டிக்கிற ஆன்டிபாடிங்கிற புரோட்டீனை துகள் மேல ஒட்டி அனுப்பலாமேன்னு கேப்பீங்க, ஒட்டலாம், ஆனா ரத்தத்துல இறங்கின உடனே அங்க இருக்குற வேற புரோட்டீன் எல்லாம் வந்து துகள் மேல அப்பிக்கிட்டு நாம ஒட்டினதையே மூடிடும், அப்படியே மூடாம இருந்தாலும் கட்டி கிட்ட போய் சேந்தப்புறம்தான் அதுக்கு வேலை. 2016ல ஒரு குழு பத்து வருஷ ஆராய்ச்சியை எல்லாம் அள்ளி கணக்கு பாத்துச்சு, போட்ட டோஸ்ல கட்டிக்குள்ள போனது நடுமதிப்பா 0.7 சதவீதம். நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல!

மிச்சம் எங்கன்னா, பெரும்பாலும் கல்லீரலும் மண்ணீரலும். அங்க இருக்குற செல்லுங்க வெளியாள் வந்துட்டான்னு முழுங்கி வச்சுக்கும். துகள் 5, 6 நானோமீட்டருக்கு (ஒரு மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) கீழ இருந்தா கிட்னி வடிகட்டி யூரின்ல தள்ளிடும், அதுக்கு மேலன்னா தங்கம் மாதிரி கரையாத சாமான் மாசக்கணக்குல உள்ளயே கிடக்கும்.

எல்லாமே டுபாக்கூர்னு சொல்ல வரல. கல்லீரல் முழுங்குறதையே சாதகமா திருப்பினவங்க இருக்காங்க, 1996ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின ஃபெரிடெக்ஸ்னு ஒரு இரும்பு ஆக்சைடு துகள், நல்ல கல்லீரல் அதை முழுங்கி எம்ஆர்ஐல கருப்பாயிடும், கட்டியில அந்த முழுங்குற செல்லு இல்லாததால அது மட்டும் வெளுப்பா தெரியும், என்ன மூளை பாருங்க (அப்புறம் கம்பெனியே தயாரிப்பை நிறுத்திடுச்சு, அது வேற கதை). டாக்ஸில் 1995லயே வந்துச்சு, கொழுப்பு உருண்டைக்குள்ள அடைச்ச பழைய கீமோ மருந்துதான், அதுல பெரிய லாபம் இதயத்துக்கு சேதம் குறையுறது. கர்ப்பம் பாக்குற கார்டுல வர்ற சிவப்பு கோடு கூட நிறைய பிராண்டுல தங்க நானோ துகள்தான். அது அவ்ளோ ஒழுங்கா வேலை செய்யுதுன்னா காரணம் சிம்பிள், அந்த கார்டுக்கு கல்லீரல் கிடையாது.

அடுத்த தடவை இந்த மாதிரி செய்தி வந்தா எந்த உயிர் மேல பண்ணாங்க, கட்டிக்குள்ள எவ்ளோ போச்சு, மிச்சம் எங்க போச்சுன்னு மூணையும் முதல் பத்தியிலயே போட்டுடுங்க சார். பெரியம்மா முதல் பத்தி மட்டும்தான் படிப்பாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்